இந்த இருக்கையில் ஐயா அமர்ந்து கேட்டார்

கைதட்டல் திரும்பி வரவில்லை.

அவள் மேடையின் நடுவில் நின்று இன்னொரு முறை தட்டினாள். உள்ளங்கைகள் மோதிய சத்தம் எழுந்தது, எழுந்த இடத்திலேயே அடங்கியது. காலி அரங்கில் அப்படி அடங்கக் கூடாது. ஆள் இல்லாத நேரத்தில் இந்த அரங்கம் ஒரு கிணறு. ஒரு தட்டு தட்டினால் சத்தம் பின்சுவர் வரை ஓடி, கூரையில் ஏறி, பக்கச் சுவர்களை உரசிக்கொண்டு, நீண்ட வாலை இழுத்தபடி திரும்பி வரும். பல வருடங்களாக இங்கே ஒலியமைப்பு செய்கிறவள் அவள். அந்த வாலின் நீளம் அவளுக்குத் தன் வீட்டுக் கதவின் கிறீச்சைப் போலப் பழக்கம்.

சத்தம் தானாகச் சாவதில்லை, ஏதாவது அதை விழுங்க வேண்டும். பூச்சுச் சுவர் விழுங்காது, வாங்கிய பந்தைத் திருப்பி எறிகிற மாதிரி எறிந்துவிடும். திரைச்சீலை கொஞ்சம் விழுங்கும், கம்பளம் கொஞ்சம். திறந்த சன்னல் முழுதாக விழுங்கும், ஏனென்றால் அதன் வழியாகப் போன சத்தம் திரும்புவதே இல்லை. சன்னலுக்கு அடுத்தபடி பெரிய விழுங்கி மனித உடம்புதான். சட்டையும் சதையும் முடியுமாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், சுவரில் அரைச் சன்னலைத் திறந்து வைத்த கணக்கு. அதனால்தான் ஒத்திகையில் கிணறாக இருக்கும் அரங்கம், கூட்டம் நிறைந்ததும் வரவேற்பறை போல அடங்கிவிடுகிறது.

இப்போது அடங்கியிருந்தது. கூட்டம்தான் இல்லை.

பக்கத் திரைகள் சுருட்டியே இருந்தன. கதவுகள் மூன்றும் சாத்தியிருந்தன. தரையில் புதிதாக எதையும் விரிக்கவில்லை. இருக்கைகள் எல்லாம் வில் வைத்த மடக்கு இருக்கைகள். யாரும் உட்காராதவரை அடிப்பலகை நிமிர்ந்தே நிற்கும். கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்த தன் மிக்ஸர் மேசைவரை நடந்து, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். எல்லாப் பலகையும் நிமிர்ந்திருந்தது. பலூன் ஒன்றை ஊதி உடைத்தாள். சத்தம் எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று அளவு மைக் பதிந்த கோடு மடிக்கணினியில் விழுந்தது. போன நிகழ்ச்சியில் அரங்கம் நிறைந்திருந்தபோது எடுத்த கோட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.

"கைதட்டு விழற இடத்துல நீயே முன்கூட்டித் தட்டிக்கிறியாம்மா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. இசைச் சங்கத்தின் செயலாளர். கையில் ஒரு அட்டைப்பெட்டி, மூக்குக் கண்ணாடி நெற்றிமேல்.

"சத்தம் அமுங்குது சார். ஹால் காலியா இருக்கிற மாதிரியே இல்ல."

"நல்லதுதானே? போன தடவ எதிரொலி எதிரொலின்னு என் உயிரை வாங்கினியே."

"காரணம் தெரியாம சரியானா எனக்குப் பயம் சார்."

"உனக்கு எது சரியானாலும் பயம்தான்." அவர் பெட்டியைத் திறந்து, நூல் கட்டிய சிறு அட்டைகளை எடுத்தார். ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் ஒன்றாக மாட்டத் தொடங்கினார். எல்லாவற்றிலும் ஒரே வரி: இந்த இருக்கையில் ஐயா அமர்ந்து கேட்டார்.

அது அலங்காரத்துக்கு எழுதிய வரி இல்லை, உண்மை. இசை ஆராய்ச்சி என்று ஐயா எழுதிய தடித்த புத்தகங்களைப் படித்தவர்கள் கொஞ்சப்பேர்தான். ஊரே அவரை நேசித்தது அவர் கேட்ட விதத்துக்காக. முதல் மேடை ஏறி நடுங்குகிற பிள்ளையையும் அவர் முழுதாகக் கேட்பார். தெருமுனையில் தப்பும் தவறுமாக வாசிப்பவனுக்கும் நின்று கேட்பார். இடது காது மந்தம் என்பதால் தலையை இடப்பக்கம் திருப்பி வலது காதை நீட்டுவார். கண் மூடியிருக்கும். வலது குதிகால் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழுந்து நிற்கும். அப்படி ஒருவர் கேட்டால் சுமாராகப் பாடுகிறவரும் நன்றாகப் பாடிவிடுவார்.

ஓர் அரங்கத்தைப் பரிசோதிக்க அவருக்குக் கருவி வேண்டாம். பாடுகிறவர் ஒருவர் மேடையில் நின்று ஒற்றைச் சுரத்தைப் பிடித்தால் போதும். ஐயா கடைசி வரிசையின் இடது ஓரத்தில் உட்காருவார். பாடுகிறவரின் மூச்சு முடிந்து சுரம் நின்றதும் எழுந்து அடுத்த இருக்கைக்கு மாறுவார். மறுபடி சுரம், மறுபடி அடுத்தது. வரிசை முடிந்தால் முன் வரிசை. இப்படியே பாம்பு போல வளைந்து வளைந்து, முதல் வரிசையின் வலது ஓரம் வரை வருவார். பிறகு படியேறி மேடைக்கே வந்து, பாடுகிறவரின் தொண்டையருகே காதை வைப்பார். அரங்கம் கலக்காத சத்தம் எப்படி என்று தெரிந்தால்தானே அரங்கம் என்ன செய்கிறது என்று தெரியும்? சுரத்துக்கு இடையில் இடைவெளி நீண்டால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. காத்திருக்காமல் அடுத்தது, அதற்கடுத்தது என்று வேகமாக மாறிக்கொண்டே வருவார்.

அவருக்காக அந்தச் சுரத்தைப் பிடித்தது பெரும்பாலும் அவளுடைய தங்கை. ஐயா போன குளிர்காலத்தில் இறந்தார். அன்றிலிருந்து தங்கைக்குப் பாட்டு வரவில்லை. மருத்துவர் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. ஒப்புக்கொண்ட கச்சேரிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. இன்றைக்கும் வரவில்லையென்றால் இனிமேல் மேடையே வேண்டாம் என்று நேற்று சொல்லியிருந்தாள். சொன்ன குரலில் அழுகை இல்லை. அக்காவை உறுத்தியது அதுதான்.

"மௌன அஞ்சலி வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். ஐயாவுக்கு மௌனம் ஆகாது" என்றார் செயலாளர். "உன் தங்கச்சி அந்த ஒத்தச் சுரத்தைப் பிடிக்கட்டும். எல்லாரும் ஐயா உக்காந்த சீட்டுல உக்காந்து, ஐயா மாதிரி கேக்கட்டும். யோசனை எப்படி? என்னோடது."

"நல்லாருக்கு சார்" என்றாள். உண்மையிலேயே நன்றாகத்தான் தோன்றியது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தங்கை வந்தாள். கழுத்தைச் சுற்றி இரண்டு துணி.

"என்னடி, பனிமலைக்கா போறே?"

"தொண்டைக்குக்கா. சும்மா இரு. தண்ணி வெச்சியா?"

"மூணு பாட்டில். குளிக்கவே குளிக்கலாம்."

தங்கை சிரிக்கவில்லை. மேடையின் நடுவில் நின்று, அரங்கத்தைப் பார்த்து, வாயைத் திறந்தாள். அக்கா மிக்ஸருக்குப் பின்னால் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். சுரம் வந்தது. முதலில் மெல்லியதாக, பிறகு தடித்து, பிறகு அந்தப் பழைய குரலாகவே வந்தது. மாதக்கணக்கில் பூட்டியிருந்த வீட்டில் விளக்கைப் போட்டது போல இருந்தது.

"வந்திடுச்சுக்கா!" தங்கை மேடையிலேயே குதித்தாள். பிறகு கண்ணைச் சுருக்கி இருட்டு வரிசைகளைப் பார்த்தாள். "ஹால்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நானும் செயலாளர் சாரும்தான்."

"இல்லக்கா. யாரோ கேக்கிறாங்க. காலி ஹால்ல பாடினா குரல் நம்மகிட்டயே திரும்பி வந்து முகத்துல அறையும். இது வாங்கிக்குது." கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல. யாரா இருந்தாலும் நல்லாக் கேக்கிறாங்க. நீ அந்த மேசையை விட்டு நகராதே. நிமிர்ந்தா உன் தலை எனக்குத் தெரியணும்."

கதவுகளைத் திறந்தார்கள்.

கூட்டம் நனைந்த குடைகளின் வாடையோடும் தாழ்ந்த பேச்சோடும் உள்ளே வந்தது. அட்டைகளை வாசித்து, ஒருவருக்கொருவர் காட்டி, கண்ணைத் துடைத்து, உட்கார்ந்தது. அவள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு ஒவ்வொரு முறை அறையும்போதும் அந்தச் சத்தத்தின் வாலைக் கருவி அளந்து காட்டியது. பத்துப் பேர் உட்கார்ந்தால் வால் சற்றே குறைய வேண்டும். பாதி அரங்கம் நிறைந்தால் நன்றாகக் குறைய வேண்டும். பாதி நிறைந்தது. கோடு அசையவில்லை. முக்கால் நிறைந்தது. அசையவில்லை. கடைசி வரிசையில், அவளுக்கு நேர் முன்னால், பருத்த ஒருவர் தன் இருக்கையைத் தேடி வந்தார். பலகையைத் தாழ்த்தக் கையை நீட்டினார். கை படுமுன் பலகை தாழ்ந்தது. அவர் கவனிக்காமல் உட்கார்ந்தார்.

அவள் மறுபடி கோட்டைப் பார்த்தாள்.

கணக்கு எளிது. நிறைந்த பாத்திரத்தில் ஊற்றினால் மட்டம் ஏறாது. ஏற்கெனவே ஒருவர் அமர்ந்திருக்கும் இருக்கையில், அவர் இருக்கும் அதே இடத்தில் இன்னொருவர் அமர்ந்தால், சத்தத்தைப் பொறுத்தவரை அங்கே ஓர் உடம்புதான். மத்தியானத்திலிருந்தே அரங்கம் நிறைந்திருந்தது. வந்தவர்கள் காலி இருக்கையில் உட்காரவில்லை.

முட்டாள்தனம், கருவி கெட்டுவிட்டது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் தன் மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு நின்றுகொண்டாள்.

செயலாளர் மேடையில் நாலு வார்த்தை பேசி, மூக்கை உறிஞ்சி, இறங்கிப்போய் முதல் வரிசையின் வலது ஓரத்தில் உட்கார்ந்தார். விளக்குகள் மங்கின. தங்கை மட்டும் வெளிச்சத்தில் நின்றாள். கண்ணை மூடினாள். சுரத்தைப் பிடித்தாள்.

அது அழகாக இருந்தது, அவ்வளவு பயத்திலும் அக்காவுக்கு அது தெரிந்தது. சுரம் கூடத்தின் மேல்பாதியை மெல்ல நிரப்பியது. குடைகளின் வாடை, மரப்பலகையின் வாடை, யாரோ பூசியிருந்த தைலத்தின் வாடை எல்லாம் அதற்குள் அடங்கின. மழை கூரையில் எங்கோ தொலைவில் பெய்துகொண்டிருந்தது. அப்போது முன்னால் இருந்த பருத்த மனிதரின் தலை இடப்பக்கம் திரும்பியது. பக்கத்துப் பெண்ணின் தலையும். அந்த வரிசை முழுதும், அதற்கு முன் வரிசையும். காற்றில் வயல் சாய்வது போலத் தலைகள் மேடைவரை திரும்பிக்கொண்டே போயின. அம்மாவுக்கு அடுத்த இருக்கையில் இருந்த சின்னக் குழந்தையின் தலையும் திரும்பியது. அக்கா குனிந்து பார்த்தாள். இருக்கைகளுக்கு அடியில், வரிசை வரிசையாக, வலது குதிகால்கள் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழுந்திருந்தன. தரையை எட்டாத குழந்தையின் காலும் அப்படியே முனை தாழ்ந்து, குதி உயர்ந்து நின்றது.

ஐயா மாதிரி கேக்கட்டும் என்று செயலாளர் மேடையில் சொல்லியிருந்தார். அதனால்தான். அதனாலாகத்தான் இருக்கும்.

தங்கையின் மூச்சு முடிந்தது. சுரம் நின்றது.

எல்லோரும் எழுந்தார்கள்.

பேச்சில்லை. இருமல் இல்லை. முந்நூறு பேர் ஒன்றாக எழுந்து, ஓர் இருக்கை தள்ளி, ஒன்றாக உட்கார்ந்தார்கள். வரிசையின் ஓரத்தில் இருந்தவர்கள் முன் வரிசைக்குப் போனார்கள். குழந்தை தானாக எழுந்து தானாக நகர்ந்தது. அதன் அம்மா அதைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையின் இடது ஓர இருக்கை மட்டும் ஆளில்லாமல் பலகை நிமிர்ந்தது. டப்.

முதல் வரிசையின் வலது ஓரத்தில் இருந்த செயலாளருக்கு அடுத்த இருக்கை இல்லை. அவர் படியேறினார். தங்கையின் பக்கத்தில் போய் நின்று, குனிந்து, அவள் தொண்டையருகே காதை வைத்தார்.

தங்கை கண்ணைத் திறந்தாள். ஒருவேளை இதுவும் அஞ்சலியின் பகுதி என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடி சுரத்தைப் பிடித்தாள். இந்த முறை சுரம் மெலிந்திருந்தது. வாயருகே ஓர் உடம்பு நின்றால் அரங்கத்துக்குப் போக வேண்டியதை அது முதலிலேயே விழுங்கிவிடும். மெலிந்த குரலைத் தூக்கிப் பிடிக்க அதிகக் காற்று வேண்டும். அதிகக் காற்று போனால் மூச்சு சீக்கிரம் முடியும்.

முடிந்தது. எழுந்தார்கள். நகர்ந்தார்கள். டப்.

இரண்டாவது ஆள் படியேறினார். ஒரு முதிய பெண். மறுபக்கத்திலிருந்து காதை வைத்தாள்.

"சார்!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள். "சார், கீழ இறங்குங்க!" ஒரு தலையும் திரும்பவில்லை. பருத்த மனிதரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தோள் சில்லிட்டிருந்தது. அவர் கண்ணைத் திறக்காமல், அவளுக்கு நன்றாகத் தெரிந்த, பொறுமையான, அன்பான குரலில் சொன்னார்: "கொஞ்சம் இரும்மா. கேட்டுக்கிட்டிருக்கேன்ல."

அது ஐயாவின் குரல்.

தங்கை சுரத்தை விட்டாள். ஓடப் பார்த்தாள். அமைதி.

அமைதி அவருக்குப் பொறுக்காது. அரங்கம் நகரத் தொடங்கியது, நிற்கவே இல்லை. எழுந்து, உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து. டப். டப். டப். படிகளில் மூன்றாவது ஆள், நான்காவது, ஐந்தாவது. தங்கைக்கும் பக்கவாசலுக்கும் நடுவில் உடம்புகள். நீட்டிய காதுகள். ஒரு காது தொண்டையைத் தொட்டது. இன்னொன்று மார்பை. தங்கை பயத்தில் மறுபடி சுரத்தைப் பிடித்தாள்.

நின்றார்கள். அமர்ந்தார்கள். கேட்டார்கள்.

சுரம் இருக்கும்வரை நகர மாட்டார்கள். அது புரிந்தது. ஆனால் தங்கையின் உதடு வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்தது. இன்னும் எத்தனை மூச்சு? அக்காவின் விரல்கள் மிக்ஸருக்குப் போயின. ஓடிக்கொண்டிருந்த பதிவில் சுரத்தின் ஒரு துண்டை வெட்டினாள். அதன் வாலைத் தலையோடு ஒட்டினாள். முடிவில்லாமல் சுற்றும்படி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பினாள்.

தங்கை மூச்சு எடுத்தாள். ஸ்பீக்கரில் அவள் சுரம் தொடர்ந்தது. யாரும் எழவில்லை. அப்பாடா.

பிறகு குதிகால்கள் இறங்கின. எல்லாக் குதிகால்களும், தரையில், ஒரே தட்டு.

வாயிலிருந்து வரும் சத்தம் ஓர் இடத்திலிருந்து வரும். ஸ்பீக்கர் சத்தம் இரண்டு சுவர்களிலிருந்து வரும். அரங்கத்தின் எந்த இருக்கையில் இருந்தாலும் இந்த வித்தியாசம் ஒரு நல்ல காதுக்குத் தெரியும். இங்கே எல்லாக் காதும் அந்த ஒரு காது.

எழுந்தார்கள். டப். டப். டப். டப்.

அவள் ஓடினாள். பக்க நடையில், நகர்கிற வரிசைகளை ஒட்டி, முழங்கால்களில் இடித்துக்கொண்டு ஓடினாள். மேடையில் தங்கையைக் காணவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. முதுகுகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை. அந்தக் கை அவளைத் தேடியது. கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் யாருக்கும் கேட்காது என்று தெரிந்தது. எனவே பாடினாள்.

சின்ன வயதில் இருவரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு யார் நீளமாகப் பிடிக்கிறார்கள் என்று போட்டி போட்ட அதே சுரம். அவளுக்கு ராகம் வராது, தாளம் நிற்காது. இந்த ஒன்று வரும்.

அரங்கம் நின்றது. படியில் ஒரு கால் வைத்தவர் வைத்தபடி நின்றார். தலைகள் அவள் பக்கம் சாய்ந்தன. குதிகால்கள் எழுந்தன.

சுரத்தை விடாமல் படியேறினாள். உடம்புகளுக்கு நடுவில் தோளை நுழைத்து உள்ளே போனாள். தங்கை நின்றுகொண்டுதான் இருந்தாள், விழ இடமில்லாததால். இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். ஒன்று. இரண்டு. உதட்டில் நிறம் திரும்பியது. அவள் தங்கையின் கையைப் பிடித்துப் பக்கவாசல் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தாள். அடி வைத்ததில் குரல் நடுங்கியது. முன் வரிசையில் குதிகால்கள் தாழ்ந்தன. அவள் நின்றாள். அவை எழுந்தன.

அவளுடைய மூச்சு முடியப் போகிறது. தங்கைக்கு அது தெரிந்தது. அக்காவின் விலா ஒடுங்குவதைப் பார்த்தாள். சரியாக அந்த நொடிக்கு முன்னால், தையல் தெரியாமல், அதே சுரத்தில் சேர்ந்தாள். இரண்டு குரல். பிறகு ஒரு குரல், தங்கையுடையது. அக்கா மூச்சு எடுத்தாள்.

ஒருவரும் எழவில்லை.

செயலாளரின் காது தங்கையின் தொண்டையில் இருந்தது. முதிய பெண்ணின் காது இப்போது அக்காவின் தொண்டைக்கு வந்தது, சில்லென்று, மென்மையாக. கீழே இருட்டில் நிறைய முகங்கள் கண்மூடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தன. எல்லா முகத்திலும் அதே பிரியம். கேட்பதில் அவருக்கு எப்போதும் அலுப்பு வந்ததில்லை.

தங்கை அக்காவின் கையை அழுத்தினாள். என் மூச்சு முடியுது என்று அர்த்தம். அக்கா சேர்ந்தாள். தங்கை மூச்சை எடுத்தாள். வேலை செய்தது. மறுபடியும் வேலை செய்தது. இரண்டு பேர் இருந்தால் சுரம் அறுபடாது. முடியப் போகிறவள் கையை அழுத்த வேண்டும். மற்றவள் அதற்குள் சேர்ந்துவிட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுக்கக் கூடாது.